பழுதுபட்ட படைக்கலமும் பழுது பார்ப்போரும்

பொருளொன்றை விலைகொடுத்து வாங்குபவனுக்கும் அதனை விற்பவனுக்கும் இடையே, எழுதப்பட்டோ எழுதப்படாமலோ, ஓர் உடன்பாடு இருந்துகொண்டே இருக்கிறது. எந்த வேலைக்கென அப்பொருள் வாங்கப்பட்டதோ அந்த வேலையை அது செய்தாக வேண்டும். செய்யத் தவறின் விற்றவன் பொறுப்பேற்க வேண்டும். இந்த நியாயம் இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதற்கு மேலும் வலுவூட்டியது. சட்டப் புத்தகத்திலுள்ள நியாயம் வன்னியின் செம்மண் ஒழுங்கைவரை நடந்து வருவதற்கு எவ்வளவு காலம் எடுக்கிறது என்பது வேறு விடயம்.

கிளிநொச்சி மாவட்டத்தில் நாம் ஆசிரியப் பணி புரியும் கிராமத்தில் கமக்காரர் ஒருவர் மிளகாய்ச் செய்கைக்கெனப் புதிதாக நீரிறைக்கும் இயந்திரமொன்றை வாங்கினார். மூன்றாம் நாள் அது நின்றுவிட்டது. அதனுடன் வந்த உத்தரவாதச் சீட்டு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தமையால் அதனை எம்மிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். இயந்திரம் கொழும்புக்குப் போய்த் திருத்தப்பட்டு வர மூன்று வாரங்கள் ஆயின. அதற்குள் கன்றுகளில் ஒரு பகுதி வாடிவிட்டது. வாடிய கன்றுக்கு எந்தச் சீட்டிலும் ஈடு சொல்லப்படவில்லை. ஆயினும் இயந்திரம் செலவின்றித் திருத்தப்பட்டு வந்ததே என்று அவர் ஆறுதலடைந்தார்.

அதே கமக்காரர் சில மாதங்களின் பின்னர் வேலிக்குக் குழி தோண்டியபோது அலவாங்கு இரும்பில் தட்டியது. மண்ணுக்குள் கிடந்தது வெடிக்காத எறிகணையொன்று. கிராம அலுவலருக்கு அறிவித்து, உரியவர்கள் வந்து அதனை அகற்றிச் சென்ற பின்னர் அவர் எம்மிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்: “இதுவும் வேலை செய்யாத மிசின்தானே மாஸ்ரர், இதுக்கும் ஒரு காட் இருக்குமோ?”

அவர் விளையாட்டாகக் கேட்டார். ஆயினும் அது விளையாட்டான கேள்வியன்று. படைக்கலங்களுக்கும் உத்தரவாதச் சீட்டு உண்டு. அச்சீட்டு யாருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருளாகும்.

சுழல் துப்பாக்கி எனப்படும் றிவோல்வரை எடுத்துக்கொள்வோம். சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கர் 1836இல் உரிமைப் பத்திரம் பெற்ற காலம் முதல் அதன் அடிப்படை ஒன்றே. ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளையொன்று சுழன்று, ஒவ்வொரு முறையும் ஓர் அறை குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். உருளைக்கும் குழலுக்கும் இடையிலான வெளி பொதுவாக ஒரு மில்லிமீற்றரின் ஆறில் ஒரு பங்களவே. அறை நேருக்கு வருமுன் நின்றுவிட்டால் குண்டு குழலின் விளிம்பில் உராய்ந்து ஈயத் துகளைப் பக்கவாட்டில் சிதறும். அடிக்கும் ஊசி வலுவிழந்திருந்தால் தோட்டா வெடிக்காமலே கிடக்கும். புதிதாக வாங்கிய துப்பாக்கியில் இத்தகைய குறைகள் தென்படுவது அரிதன்று.

அவ்வாறு தென்பட்டால் ஐக்கிய அமெரிக்காவில் வாங்கியவன் கலங்க வேண்டியதில்லை. உற்பத்தியாளருக்கு எழுதிவிட்டுத் துப்பாக்கியை அனுப்பிவைக்கலாம். திருத்திய துப்பாக்கியை நேரே உரிமையாளனுக்கே திருப்பி அனுப்புவதற்கு 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. முதல் உரிமையாளனின் ஆயுட்காலம் முழுவதும் திருத்தித் தருவோம் என உறுதி கூறும் நிறுவனங்களும் உள. ஸ்டேர்ம் றூகர் என்னும் நிறுவனம் 1973க்கு முன்னர் செய்த ஒருவகைச் சுழல் துப்பாக்கிகளில், சுத்தியல் நிறைந்த அறையின்மேல் படிந்திருக்கையில் துப்பாக்கி கீழே விழுந்தால் தானாகவே வெடிக்கக்கூடிய இடர் இருந்தது. ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி ஒன்றை வெறுமையாக விடுவது அக்காலத்தோர் கைக்கொண்ட காப்பு. அந்நிறுவனம் 1973இல் புதிய அமைப்பைப் புகுத்தியது. 1982 முதல் பழைய துப்பாக்கிகளுக்கும் காப்புத் தண்டொன்றை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. கையில் வைத்திருப்பவனின் கால் காயப்படக்கூடாது என்பதில் எத்துணை அக்கறை!

துப்பாக்கியின் பின்முனையில் நிற்பவனுக்கான அக்கறை இது. முன்முனையில் நிற்பவனின் நிலை யாது? நுகர்பொருட்களின் பாதுகாப்பைக் கண்காணிக்க அமெரிக்கா 1972இல் சட்டமியற்றியபோது துப்பாக்கியும் தோட்டாவும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டன. குழந்தையின் விளையாட்டுத் துப்பாக்கியில் குறை காணின் மீளப்பெறக் கட்டளையிடும் அதிகாரம் பெற்ற ஆணைக்குழு, உண்மைத் துப்பாக்கியைத் தொட இயலாது. 2005இல் வந்த சட்டமோ, துப்பாக்கி குற்றச் செயலுக்குப் பயன்பட்டதன் பேரில் உற்பத்தியாளர்மீது தொடுக்கப்படும் வழக்குகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தடைபோட்டது. ஆனால் உரியவாறு கையாண்டபோது உற்பத்திக் குறையினால் தீங்கு நேர்ந்தால் வழக்காட இடம் வைத்தது. சுருங்கக் கூறின், துப்பாக்கி சரியாக வேலை செய்யாவிடின் கேட்பதற்கு வழி உண்டு. சரியாக வேலை செய்துவிட்டால் கேட்பதற்கு வழி அருகிவிடுகிறது.

நிற்க. அமெரிக்கச் சட்டத்துக்கும் வன்னிக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். சிறிய துப்பாக்கியில் வெளிப்படையாகத் தெரியும் இந்த நியாயமே பெரும் படைக்கல வாணிபம் முழுவதையும் ஆள்கிறது என்பதே தொடர்பு. எறிகணைகளை வாங்கும் அரசுகள் அவற்றைத் தொகுதி தொகுதியாகச் சோதித்துப் பார்த்தே ஏற்கின்றன. குறைபாடுடைய தொகுதியைத் திருப்பி அனுப்பும் உரிமையும் அவற்றுக்கு உண்டு. செய்தவனும் வாங்கியவனும் ஒப்பமிடும் அந்த உடன்பாட்டில், எறிகணை விழப்போகும் நிலத்தின் மக்கள் ஒரு தரப்பாக எண்ணப்படுவதில்லை.

2009இன் தொடக்க மாதங்களில் எம் தலைமுறையினர் பதினெட்டு வயதை அண்டியவர்களாய் இரணைப்பாலையிலும் புதுக்குடியிருப்பிலும் பதுங்கு குழிகளுக்குள் கிடந்தோம். எறிகணை புறப்படும் ஓசை முதலில் கேட்கும். பின்னர் விழும்வரை மூச்சடக்கி எண்ணுவோம். சில வேளைகளில் எண்ணிக்கை முடிந்தும் வெடியோசை வராது. ‘பிள்ளையாரே’ என்று அம்மாமார் கைகூப்புவார்கள். செய்த தொழிற்சாலையின் கணக்கில் அது பழுது. எமது கணக்கில் அது உயிர்ப்பிச்சை. ஆனால் அன்று எம்மைக் காத்த அதே பழுதுதான், மீள்குடியேறிய பின்னர் மண்வெட்டி படும் ஒவ்வோர் இடத்திலும் எம்மைக் காத்துக் கிடந்தது.

எறிகணை ஏன் வெடிக்காமற் போகிறது? அதன் தலையிலுள்ள வெடிமூட்டி, வீசப்பட்ட அதிர்வினால் விழித்து, தரையில் மோதும் அடியினால் செயற்பட வேண்டியது. தொழிற்சாலையில் அவசரம் புகுந்தால் அது விழிப்பதில்லை. மழையில் ஊறிய வயலிலோ களப்புச் சேற்றிலோ விழுந்தால் அடி போதாமற் போகிறது. மரக்கிளையில் பட்டுச் சரிந்தாலும் அவ்வாறே. உறுதியான சோதனைத் திடலில் பெற்ற சான்றிதழ், நந்திக்கடலோரச் சேற்றில் செல்லுபடியாவதில்லை.

இது வன்னிக்கு மட்டும் உரிய அவலமன்று. 1916இல் பிரான்சின் சோம் ஆற்றங்கரைப் போருக்கு முன்னர் பிரித்தானியப் படை ஏறத்தாழ 15 இலட்சம் எறிகணைகளை வீசியது. அவசர அவசரமாகச் செய்யப்பட்ட அவற்றில் மூன்றிலொரு பங்குவரை வெடிக்கவில்லை எனக் கணிக்கப்படுகிறது. நூறாண்டு கடந்தும் அங்குள்ள உழவர்களின் ஏர் அவற்றைக் கிளறுகிறது. 1964 முதல் 1973 வரை லாவோஸ் நாட்டின்மீது அமெரிக்க விமானங்கள் சொரிந்த கொத்துக்குண்டுகளின் சிறுகுண்டுகள் 27 கோடிக்கு மேற்பட்டவை. அவற்றுள் 8 கோடிவரை வெடிக்காமல் மண்ணில் தங்கின. எட்டுக் கோடி பழுதுபட்ட பண்டங்கள்! வேறெந்தத் தொழிலாயினும் இத்தகைய உற்பத்தியாளர் கடையை மூடியிருப்பார்.

மிதிவெடியின் கதை இதற்கு நேர்மாறானது. அதில் பழுதில்லை, பழுதாக மறுப்பதே அதன் கொடுமை. பிளாஸ்ரிக் உடல்கொண்ட மிதிவெடி துருப்பிடிப்பதில்லை. போர் முடிந்தது என்ற செய்தி அதனை எட்டுவதுமில்லை. வன்னியில் இரு தரப்பினரும் மிதிவெடி விதைத்தனர். தொழிற்சாலையிற் செய்து வந்தவையும் உண்டு, இயக்கத்தினர் தாமே செய்த ஜொனி வகையும் உண்டு. கிளிநொச்சி மாவட்டத்தின் வடவெல்லையிலுள்ள முகமாலை, 2000 முதல் ஏறத்தாழ எட்டாண்டுகள் இரு படைகளும் எதிரெதிரே நின்ற முன்னரங்காக இருந்தது. தென்னையும் பனையும் நின்ற அந்நிலம் உலகின் அடர்ந்த மிதிவெடி வயல்களுள் ஒன்றாயிற்று.

பழுது பார்ப்போர் யாவர்? மிதிவெடி அகற்றும் அணிகளில் எம் ஊர்ப் பெண்கள் பலர் இருக்கின்றனர். கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள் அவர்களுட் பலர். மார்புக் கவசமும் முகக் காப்பும் அணிந்து, முழந்தாளிட்டு, ஒரு மீற்றர் அகலப் பாதையில் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டிப் பார்க்கிறார்கள். உச்சி வெயிலில் நாள் முழுதும் உழைத்தாலும் விடுவிக்கப்படும் நிலம் சில சதுர மீற்றர்களே. வெளிநாட்டுத் தொழிற்சாலையின் உத்தரவாதப் பணிமனை உண்மையில் முகமாலையில் இயங்குகிறது. அதன் தொழிலாளர் எம் மாணவரின் தாய்மார். அவர்களின் கூலியை அமெரிக்கா, யப்பான், பிரித்தானியா, நோர்வே முதலிய நாடுகளின் மக்கள் செலுத்திய வரிப்பணம் தாங்கி வந்துள்ளது.

உலகம் இதுபற்றிச் சிந்திக்கவில்லை எனக் கூறுவதற்கில்லை. மிதிவெடித் தடை உடன்படிக்கை 1997இலும் கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கை 2008இலும் பிறந்தன. இலங்கை முன்னையதில் 2017 டிசம்பரிலும் பின்னையதில் 2018 மார்ச்சிலும் இணைந்துகொண்டது. இவை மனித குலத்தின் பெறுபேறுகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை துப்புரவாக்கும் கடமையை நிலத்துக்குரிய அரசின்மீது சுமத்துகின்றன. உதவும் பொறுப்பை ஏனைய அரசுகளிடம் வேண்டுகின்றன. செய்து விற்று இலாபம் கண்ட தொழிலதிபரை அவை கூப்பிட்டுக் கேட்பதில்லை. ஆற்றில் கழிவைக் கொட்டிய ஆலையே அதனைச் சுத்தஞ்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 1992இல் றியோ மாநாடு ஏற்றுக்கொண்டது. ஆற்றுக்குப் பொருந்தும் நீதி வயலுக்கு ஏன் பொருந்தாது?

இருக்கும் வேலியும் இன்று சரியத் தொடங்கியிருக்கிறது. 2025இல் பின்லாந்து, போலந்து, எஸ்தோனியா, லற்வியா, லித்துவேனியா ஆகிய ஐந்து நாடுகள் மிதிவெடித் தடை உடன்படிக்கையை விட்டு விலக முடிவு செய்தன. அண்டை நாட்டின் அச்சுறுத்தல் அவற்றுக்கு உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் இன்று புதைக்கப்படும் வெடி, அச்சுறுத்தல் அகன்ற பின்னர் புல் மேய்க்கப்போகும் சிறுவனுக்காகக் காத்திருக்கும் என்பதை அந்நாடுகளுக்கு எடுத்துச் சொல்லும் தகுதி வன்னிக்கு உண்டு.

எமது பாடசாலைகளில் மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் நில், தொடாதே, திரும்பி வந்து பெரியோருக்குச் சொல் எனப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம். இது உயிர்காக்கும் கல்வி. தொடர்ந்து கற்பிக்க வேண்டியது. ஆனால் அபாயத்திலிருந்து விலகக் கற்பிப்பதோடு ஆசிரியர் கடமை முடிவதில்லை. அந்த அபாயம் யாருடைய தொழிற்சாலையில் செய்யப்பட்டது, யாருடைய பணத்தால் வாங்கப்பட்டது, யாருக்கு இலாபம் தந்தது என வினவவும் அவர்கள் கற்க வேண்டும். இயந்திரத்தின் சீட்டை வாசிக்க எம்மிடம் வந்த கமக்காரர், எறிகணைக்கும் ஒரு சீட்டைக் கேட்டார். அப்படியொன்று இன்று இல்லை என்றே அவரிடம் கூறினோம். அதனை எழுதுவிக்கும் போராட்டம் படைக்கலம் வாங்குவோருடையதாக ஒருபோதும் இராது. அது விழுந்த மண்ணின் மக்களே அதனைத் தொடங்க வேண்டும்.