காதுக்கு இமையில்லை

அம்பர்நாத்திலிருந்து மும்பைக் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குச் சென்று திரும்புவோர், ஒரு நாளில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தை மின்சார இரயிலிலேயே கழிக்கின்றனர். முப்பதாண்டுகளுக்கு மேல் நானும் அவ்வாறு கழித்தவன். சக்கரங்களின் ஓசையும் பஜனைக் கோஷ்டியின் தாளமும் நிறைந்த அப்பெட்டியில் தடித்த நூல்கள் பலவற்றைப் படித்து முடித்திருக்கின்றேன். ஆனால், அதைவிட எத்தனையோ மடங்கு அமைதியான அலுவலகக் கூடத்தில், ஒரு பக்கத் தொகையைக் கூட்டி முடிப்பதற்குள் மும்முறை முதல் வரிக்கே திரும்ப நேர்ந்த நாள்களும் உண்டு. பேரிரைச்சலில் நிலைத்த மனம் மெல்லிய பேச்சில் கலைவானேன்?

இதற்கு விடை ஓசையின் அளவில் இல்லை. அதன் தன்மையில் இருக்கிறது. ஒரே சீராக ஓடும் இரைச்சலை மனம் சிறிது நேரத்தில் ஒதுக்கிவிடுகிறது. அவ்விரைச்சல் அக்கம்பக்கத்துச் சொற்களையும் மூடிவிடுகிறது. பேச்சோ நொடிக்கு நொடி மாறுவது. மனத்தைத் தட்டிக்கொண்டே இருப்பது. நான் பணியிற் சேர்ந்த காலத்தில் எங்கள் கூடமெங்கும் தட்டெழுத்துப் பொறிகள் ஒலித்தன. அவ்வோசையை எல்லோரும் வெறுத்தோம். கணிப்பொறிகள் வந்து அவை அகன்ற பின்னரே, எத்தனை வம்புப் பேச்சுகள் எங்கள் காதில் விழாமல் அவை காத்துவந்தன என்பது புலனாயிற்று.

அறிஞர்கள் இதனை ஆராய்ந்திருக்கின்றனர். 1976இல் கோல், வெல்ஷ் என்னும் இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். எழுத்துகளை வரிசையாகக் காட்டி, நினைவிலிருந்து கூறச் சொன்னார்கள். அவ்வேளையில் ஜெர்மன் மொழிப் பேச்சு ஒலித்தது. கேட்டவர்கள் அம்மொழி அறியாதவர்கள். எனினும் பிழைகள் மிகுந்தன. எண்களையும் எழுத்துகளையும் மனத்தில் நிறுத்தும் பணிக்கு விளங்காத பேச்சும் பகையே. படித்துப் பொருளுணரும் பணிக்கோ விளங்கும் மொழியே பெரிய இடையூறு. மேலும், இருவர் உரையாடலை முழுதும் கேட்பதைவிட, தொலைபேசியில் பேசும் ஒருவரின் பாதியை மட்டும் கேட்பது கவனத்தை மிகுதியாகக் குலைக்கிறது என்று 2010இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் கண்டனர். மறுபாதி யாதென மனம் தானே தேடத் தொடங்கிவிடுகிறது.

புலம்பெயர்ந்த நமக்கு இன்னுமொன்றுண்டு. ஒரு காதில் விழுவதையே கருத்தூன்றிக் கேட்குமாறு பணிக்கப்பட்டவர்களுள் மூன்றிலொரு பங்கினர், மறு காதில் ஒலித்த தம் பெயரை உணர்ந்தனர் என்று 1959இல் மோரே என்பார் எழுதினார். மராத்தியும் குஜராத்தியும் இந்தியும் கலந்தொலிக்கும் கூடத்தில், “ஊருக்கு எப்போது புறப்பாடு?” என்று மூலையில் ஒருவர் தமிழில் வினவினால், அது நம்மைப் பெயர் சொல்லி அழைத்தது போன்றதே அன்றோ!

இத்தனையும் இருக்க, தொகை பிசகினால் பழி எழுத்தர்மீதே விழுகிறது. “கவனக்குறைவு” என்று குறிப்பெழுதுபவர் கதவுள்ள தனியறையில் அமர்ந்திருப்பவர். பழி சுமப்பவர் பொதுக்கூடத்தில் நான்கு தொலைபேசிகளுக்கு நடுவே இருப்பவர். கண்ணுக்கு இமையுண்டு, காதுக்கு இல்லை. இதனை உணராமல் ஆளைத் தண்டிப்பது நீதியாகாது.

சுவருக்கும் காதுண்டு என்பது பழமொழி. நம் அலுவலகங்களின் கண்ணாடிக்கும் பளிங்குத் தரைக்கும் காதே இல்லை. கேட்டதையெல்லாம் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஒலியை உறிஞ்சும் மேற்கூரை, மேசைகளுக்கிடையே தடுப்பு, தொலைபேசிக்கெனத் தனியறை ஆகியவை ஆடம்பரங்கள் அல்ல. எத்தனை அடிக்கு அப்பால் பேச்சு போதிய அளவு விளங்காமற்போய்க் கவனத்தை விட்டுவைக்கிறது என்பதை அளக்கும் முறையே 2012ஆம் ஆண்டின் உலகத் தர நிர்ணயத்தில் இடம்பெற்றிருக்கிறது.

நிற்க. பேச்சையே ஒழிக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. எனக்கு மராத்தி கற்பித்தது பள்ளியன்று, அக்கூடத்துப் பேச்சே. அம்பர்நாத்தில் வாடகைக்கு வீடு காட்டித் தந்ததும், தந்தையார் மறைந்த செய்தி வந்த நாளில் ஊர் செல்லப் பணம் திரட்டித் தந்ததும் அப்பேச்சு வளர்த்த நட்புதான். அப்பேச்சு இல்லையேல் புலம்பெயர்ந்தவன் தனியன். ஆகவே வேண்டுவது வாய்ப்பூட்டன்று, பேசுவதற்கோரிடம், எண்ணுவதற்கோரிடம்.

இவ்வறம் நம் இல்லத்துக்கும் பொருந்தும். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு முதல் பல வீடுகளின் கூடமே அலுவலகமாகவும் ஆகியிருக்கிறது. ஒரே அறையில் மகள் கணிப்பொறிமுன் இருக்க, மகன் பொதுத் தேர்வுக்குப் படிக்க, தொலைக்காட்சியில் தமிழ்த் தொடர் ஓடுகிறது. மின்விசிறியின் ஓசை அவர்களைக் கெடுப்பதில்லை. நன்கு விளங்கும் அத்தமிழ் உரையாடலே கெடுக்கிறது. தொலைபேசியை மாடிப்படிக்கு எடுத்துச் சென்று பேசுவதற்குக் காசு செலவில்லை. மாலையில் ஒன்றரை மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்துவதற்கும் செலவில்லை. இருக்க இடம் சுருங்கிய இந்நகரத்தில், பிள்ளைகளுக்குத் தனியறை தர நம்மில் பலரால் இயலாது. அமைதியான ஒரு பொழுதைத் தர எல்லோராலும் இயலும்.