ரப்பர் வளையத்தில் ஓர் இழை

என் முதல் கேமரா தண்ணீரில் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு பருத்தி இழை. அரை அங்குலம்கூட இருக்காது. மதுரை செல்லூரில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பஞ்சுத் தூசி ஒரு பொருட்டே இல்லை. ஜன்னல் கம்பியில், மின்விசிறி இறக்கையில், சோற்றுத் தட்டில் எங்கும் இருக்கும். அப்பா தறியில் உட்கார்ந்திருந்தவரை எங்கள் வீட்டிலிருந்தே பறந்தது. அவர் தறியை விட்ட பிறகு பக்கத்து விசைத்தறிகளிலிருந்து வருகிறது. அதில் ஒரு பிசிறு, நான் கூடத்தில் உட்கார்ந்து கேமராவை உறைக்குள் பூட்டிய நேரம் பார்த்து, உறையின் வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில் வந்து படுத்துவிட்டது.

கல்யாண வீட்டில் படமெடுத்துப் பிழைக்கிற ஆள் நான். தண்ணீருக்கடியில் படமெடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது மண்டபத்து மேளக்காரர் வரைக்கும் சிரித்தார்கள். 2017 ஏப்ரலில், எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய அப்போதைய அமைச்சர் தண்ணீர் ஆவியாகாமலிருக்க வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்ட நாளிலிருந்து, செல்லூர்க்காரன் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எதிராளிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அதையும் வாங்கிக்கொண்டுதான், கையிலிருந்த பழைய எஸ்எல்ஆர் கேமராவுக்கு நீர் புகாத உறை ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். தொழிலில் இதை ஹவுசிங் என்பார்கள். பெரிய கேமராக்களுக்கு நல்ல அலுமினிய ஹவுசிங் புதிதாக வாங்கினால் கேமராவின் விலையையே தாண்டும். பெண்ணைவிட நகைக்குச் செலவு அதிகமான கல்யாணம் மாதிரி.

அலங்காநல்லூர்ப் பக்கம் மாமாவின் தோட்டத்துக் கிணறு. நான் சுரைக்குடுவை கட்டி நீச்சல் பழகியதே அதில்தான். இரண்டு ஆள் ஆழம் போயிருப்பேன். இரண்டாவது முங்கலில் கண்ணாடிக்குள்ளே ஒரு துளி உருண்டது. அதைப் பார்த்து, அதென்ன என்று யோசித்து, மேலே வந்து சேர்வதற்குள் அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் தேங்கியிருந்தது. பேட்டரியை உடனே கழற்றினேன். ஆன் செய்து பார்க்கவில்லை. அதுவரைக்கும் சரிதான். பிறகு ஊரார் பேச்சைக் கேட்டு அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். தண்ணீர் விட்டுவைத்திருந்த லென்ஸை அரிசி மாவு முடித்துவைத்தது.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. காலி உறையை மடியில் வைத்துக்கொண்டு, வளையம் உட்காரும் பள்ளத்தில் ஆட்காட்டி விரலை ஓட்டினார். பாவில் அறுந்த இழையைத் தேடும் அதே ஓட்டம். அரை வட்டம் போனதும் விரல் நின்றது.

“இந்தா இருக்குல்ல. நாப்பதாம் நம்பர் நூலு.”

கண்ணாடிகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகுதான் அந்த வளையத்தைப் பற்றிப் படித்தேன். பத்து மீட்டர் இறங்கினால், கரையில் நம்மேல் இருக்கும் காற்றழுத்தத்தின் அளவு இன்னொரு பங்கு கூடுகிறது. அந்த அழுத்தமே மூடியை வளையத்தின்மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேல்தண்ணீரில் அந்தப் பிடி கிடையாது. அதனால் ஆழ்கடலைக் கண்டு பயப்படுகிறவன், கிணற்றுப் படிக்கட்டிலேயே கேமராவைப் பறிகொடுக்கலாம். ஒரு தலைமுடி போதும். ஒரு மணல் போதும். வளையத்துக்குப் பூசும் சிலிக்கான் கிரீஸ்தான் தண்ணீரைத் தடுக்கிறது என்று நினைத்து நான் தோசைக்கல்லுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி விட்டிருந்தேன். அதன் வேலை ரப்பர் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரச் செய்வது மட்டும்தான். கூடிப்போனால் பஞ்சை இழுத்து ஒட்டவைக்கும். என் விஷயத்தில் அதுதான் நடந்தது.

இப்போது சட்டையைக் கழற்றிவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஈரத்துணியால் துடைத்த தரையில் உட்கார்ந்துதான் பூட்டுகிறேன். காது குடையும் பஞ்சுக் குச்சியைக் கிட்டேயே சேர்ப்பதில்லை. உறைக்குள் கேமரா இல்லாமல் ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் வைத்து வாளித் தண்ணீரில் அமுக்கி வைப்பேன். காகிதம் காய்ந்தபடி வந்தால் கேமராவும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் உள்ளே போகும். பொட்டலம் இல்லாவிட்டால், அடைபட்ட காற்றின் ஈரம் குளிர்ந்த தண்ணீரில் கண்ணாடியை உள்பக்கமாக மூடிவிடும். வீட்டில் இதைப் பூஜை என்கிறார்கள்.

அந்தக் கிணறு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுத்தவர்களுக்குத் தெரியும்: வாளி இதோ கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், கயிறு போய்க்கொண்டே இருக்கும். தண்ணீர் ஒளியை வளைப்பதால், நான்கு அடியில் இருப்பது மூன்று அடியில் இருப்பதாகக் கண் நம்புகிறது. தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸும் அப்படியே நம்பும். எல்லாம் கொஞ்சம் பெருத்து, பார்வையின் அகலம் சுருங்கிவிடும். அரைக்கோளமாக வளைந்த கண்ணாடியைப் போட்டால் அகலம் திரும்பக் கிடைக்கும். அதற்குத் தனிக் காசு.

ஆனால் காசு கொடுத்தும் கிடைக்காதது தெளிவு. விளம்பரப் படங்களில் முப்பது மீட்டருக்கு அந்தப் பக்கம் போகும் சுறாவின் கண் தெரிகிறது. நம் பக்கத்துத் தண்ணீர் அப்படியில்லை. கிணற்றில் பாசி, கடலில் வண்டல். நேரே ஃபிளாஷ் அடித்தால் மிதக்கிற ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, மழை விட்ட ராத்திரி டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்கிற மாதிரிப் படம் வரும். விளக்கைக் கேமராவை விட்டுத் தள்ளி, கை நீட்டிப் பிடித்து, வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். அதைவிட நல்ல வழி, நமக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரையே குறைத்துவிடுவது. கல்யாண மேடையிலிருந்து கடைசி வரிசைப் பாட்டியை இழுத்துப் பிடிக்கும் என் ஜூம் லென்ஸ் இங்கே தண்டம். முழம் தூரத்தில் நின்று முழுதையும் வாங்கும் அகல லென்ஸ் வேண்டும். இல்லையென்றால் விரற்கடையில் நின்று நகக்கண் அளவை எடுக்கும் மேக்ரோ. இடைப்பட்டது எல்லாம் எங்கள் தண்ணீரில் கலங்கிப்போகும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு ஹவுசிங்கை விற்றுவிட்டு ஒலிம்பஸ் டிஜி-6 வாங்கினேன். 2019இல் வந்த சின்னப் பெட்டி. உறையே இல்லாமல் 15 மீட்டர் வரை தாங்கும். லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருப்பதையும் பிடிக்கும். சக போட்டோகிராபர்கள் பொம்மை என்றார்கள். 1893இல் பிரான்சின் பான்யூல் கடலில் லூயி பூத்தான் படமெடுத்தபோது, வெளிச்சத்துக்காக ஒரு பீப்பாய்மேல் விளக்கேற்றி மக்னீசியப் பொடியை ஊதி எரித்தார்கள். அந்தப் பீப்பாயோடு ஒப்பிட்டால் எந்தக் கேமராவும் பொம்மைதான். 1963இல் நிக்கான் விற்கத் தொடங்கிய நிக்கோனாஸ், உடம்பே உறையாக இருந்த ஃபிலிம் கேமரா. 2001இல் அதை நிறுத்திவிட்டார்கள். அது கையில் கிடைத்திருந்தால் மற்றதெல்லாம் வேண்டாம் என்றிருப்பேன் என்று இப்போதும் தோன்றும். வயது செய்கிற வேலை.

பொம்மையைத் தூக்கிக்கொண்டு, கடற்கரை ஊரான மண்டபத்துக்குப் போனேன். அங்கே காற்றைக் கேட்டுத்தான் கடலை முடிவு செய்ய வேண்டும். கச்சான் அடிக்கும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்க, வடக்கே பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும். வாடை வந்தால் தலைகீழ். தெற்குப் பக்கத் தீவுகள் 21, 1986இல் தேசியப் பூங்கா ஆனவை. அவற்றில் இரண்டை ஏற்கெனவே கடல் கொண்டுபோய்விட்டது. அனுமதியில்லாமல் அங்கே கால்வைக்க முடியாது. நான் வடக்குப் பக்கத்தில், இடுப்பளவு ஆழத்துக்கும் இரண்டு ஆள் ஆழத்துக்கும் நடுவில், கடற்புல் வெளியில் இறங்கினேன். புல்லுக்குமேல் ஓரா மீன் கூட்டம். விரட்டிக்கொண்டு போனதில் என் காலே சேற்றைக் கிளப்பி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

கொஞ்ச தூரத்தில் பாசி எடுக்கும் பெண்கள். கண்ணில் கண்ணாடி, விரல்களில் கிழிந்த துணி, காலில் துடுப்புக்குப் பதிலாக அலுமினியத் தட்டு. அப்படிப்பட்ட பெண்களை மதுரைக்காரரான எம். பழனிக்குமார் எடுத்த படங்கள் 2019இல் பாரி இணையதளத்தில் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு இந்தக் கரையே தெரியும். ஒரு அம்மா மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

“பின்னாடி ஓடுனா எப்புடி தம்பி? சும்மா கிடங்க. தண்ணி தெளியும், அதுவா வரும்.”

கிடந்தேன். தெளிந்தது. வந்தது. முழம் தூரத்தில் ஓரா புல் மேய்ந்தது.

அந்தப் படத்தில் எல்லாம் இருந்தது, நிறத்தைத் தவிர. தண்ணீர் முதலில் தின்பது சிவப்பை. கிணற்றிலேயே சோதித்திருக்கிறேன்: அப்பா நெய்த சிவப்புத் துண்டை அடிவரை கொண்டுபோனால் காய்ந்த ரத்தம் மாதிரிக் கறுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் தண்ணீர் சூடேறிப் பவளங்கள் வெளிறின. இப்படி வெளிறியதைப் படத்தை வைத்துக் கணக்கெடுக்கும்போது, வெளுத்தது பவளமா, கேமராவின் கண்ணா என்ற கேள்வி வந்துவிடக்கூடாது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டத்தில் அதற்கென்றே ஒரு வண்ண அட்டை போட்டிருக்கிறார்கள். பவளத்தின் பக்கத்தில் பிடித்து நிறத்தை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளலாம். என்னிடம் அட்டை இல்லை. அப்பாவின் வெள்ளைத் துண்டில் ஒரு சாண் கிழித்து வைத்திருக்கிறேன். இறங்கிய ஆழத்தில் முதல் படம் அதைத்தான் எடுப்பேன். இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிவிட்டால், மிச்ச நிறங்கள் ஓரளவு தன் இடத்துக்கு வரும். ஆழம் மாறினால் மறுபடி சொல்ல வேண்டும்.

2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாய்த் தண்ணீர் பந்தல்குடி வாய்க்காலில் பொங்கி எங்கள் தெருவுக்குள் வந்தபோதும் அந்தப் பொம்மையை முழங்கால் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. செல்லூர் கண்மாயின் அடியைப் படமெடுக்கும் கேமராவை இன்னும் யாரும் செய்யவில்லை.

மண்டபத்துப் படங்களை அப்பாவிடம் டிவியில் போட்டுக் காட்டினேன். ஓரா மேய்வதையும், பாசி எடுக்கும் அம்மாவின் தட்டுக் கால் மேலே போவதையும் தாண்டிவிட்டார். துண்டுப் படம் வந்ததும் ரிமோட்டை வாங்கி நிறுத்தினார். எழுந்து போய் டிவிக்கு முகம் கொடுத்து நின்றார்.

“ஓரம் பூராம் பிரிஞ்சு தொங்குது. இதக் கேமராப் பைக்குள்ளயா வச்சிருக்க?”

“ஆமாப்பா.”

“எடுத்துட்டு வா. மடிச்சுத் தச்சுத் தாரேன்.”