கொடுப்போர் இல்லாத கரணம்

ஸ்ரீவராகத்தில், வராகமூர்த்தி கோயிலின் பெரிய குளத்துக்கு அருகே, மூன்று தலைமுறையாகத் தமிழ் பேசிவரும் ஒரு வீட்டின் ஒரே மகள் தன் திருமணத் திட்டத்தைப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தாள். முதற் பக்கத்தில் இரண்டே வரிகள். இடம்: மலை. விருந்தினர்: 0.

மணமகன் நாகர்கோவில்காரன், சாதி வேறு. இரு வீடுகளிலும் அரிவாள் எடுப்பவர் எவருமில்லை. ஆனால் மண்டபத்தின் முன்வரிசையில் அமர்ந்து, ஒன்றும் பேசாமல், உண்ணாமல் எழுந்துபோகக்கூடியவர்கள் இருபுறமும் போதிய அளவில் இருந்தார்கள். அந்த மௌனத்தைத் திருமணப் படத்தில் சேர்க்க இருவருக்கும் விருப்பமில்லை. ஆகவே மலை. மூணாற்றிலும் வயநாட்டிலும் இதற்கென்றே தொகுப்புகள் விற்கப்படுகின்றன: பூவளைவு, புகைப்படக்காரர், ட்ரோன், இருவருக்கு மட்டுமான இரவு உணவு. விளம்பரங்களில் இதன் பெயர் ‘எலோப்மென்ட்’. அச்சொல்லை அவள் சித்தியிடம் தொலைபேசியில் விளக்க முயன்றபோது, மறுமுனையிலிருந்து ஒரே கேள்விதான் வந்தது: “அப்ப ஓடிப்போறியா?”

சித்தி சொன்னது பிழையான மொழிபெயர்ப்பு அன்று. ஆங்கிலச் சொல்லின் பழைய வரலாறு இதைவிடக் கடுமையானது. இங்கிலாந்தின் பழஞ்சட்டத்தில் அது கணவனை விட்டு வேறொருவனுடன் சென்ற மனைவியின் குற்றத்தைக் குறித்தது. அவள் கைம்பெண்ணுக்குரிய சொத்துரிமையை இழந்தாள். காதலர் இணைந்து செல்வதைக் குறிக்கத் தொடங்கியது பின்னர்தான். 1753-இல் ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் இங்கிலாந்தில் தேவாலய அறிவிப்பையோ உரிமத்தையோ கட்டாயமாக்கி, 21 வயது நிரம்பாதார் உரிமம் பெறப் பெற்றோர் இசைவையும் கேட்டது. ஸ்காட்லாந்தில் அச்சட்டம் செல்லாது. இரு சாட்சிகள் முன் வாயால் சொன்னாலே அங்கே மணம். எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூர், அங்கிருந்த கொல்லன் உலையோடு சேர்ந்து புகழ்பெற்றது. 1856-இல் வேறொரு சட்டம், மணமக்களில் ஒருவராவது ஸ்காட்லாந்தில் 21 நாள் தங்கியிருக்க வேண்டும் என்று விதித்து அந்த ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்தது. குற்றச்சொல்லாகப் பிறந்த ஒன்று விற்பனைச் சொல்லாக வெளுப்பதற்குச் சில நூற்றாண்டுகள் ஆயின.

தமிழில் அந்த வெளுப்பு நிகழவில்லை. ‘ஓடிப்போனாள்’ என்பதில் எழுவாய் பெரும்பாலும் பெண்தான். உடன் சென்றவன் வாக்கியத்துக்குள் வரவேண்டியதே இல்லை. தொல்காப்பியம் ஆளும் ‘கொண்டுதலைக்கழிதல்’ இதற்கு நேர்மாறானது. அங்கே கொண்டு செல்பவன் ஆண், பெண் செயப்படுபொருள். ‘உடன்போக்கு’ என்ற சொல்லில் மட்டுமே எவரும் எவரையும் இழுத்துச் செல்வதில்லை. ‘உடன்’ என்னும் உருபு இருவரையும் ஒரே வழியில் நடக்கவிடுகிறது. இலக்கணத்தின் நீதி சில வேளைகளில் சமூகத்தின் நீதிக்கு முன்னதாகவே வந்துவிடுகிறது.

அவள் நோட்டில் எழுதிய ‘மலை’ இலக்கணப்படி சற்றே தவறு. குறிஞ்சி களவுப் புணர்ச்சிக்கான நிலம். உடன்போக்கின் நிலம் பாலை. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலை நூற்றின் கடைசி முப்பது பாடல்களை வரிசையாகப் படிப்பவருக்கு ஒரு முழுக்கதை கிடைக்கும்: மகள் போனபின் தாய் இரங்கும் பத்து, இடைச்சுரத்தில் உரைக்கும் பத்து, இறுதியில் மறுதரவுப் பத்து. தாயின் வருத்தம் முதலில் வைக்கப்படுகிறது, திரும்பிவருதல் கடைசியில். புகைப்படத் தொகுப்புகளில் இந்த இரண்டுக்குமே இடமில்லை. கற்பியலும் மற்றொன்றைச் சொல்கிறது: இருவர் உடன்போன காலத்தில், கொடுப்பவர் இல்லாவிட்டாலும் கரணம் உண்டு. விலக்களிக்கப்படுவது கொடுப்பவருக்குத்தான், கரணத்துக்கு அன்று.

இன்றைய சட்டமும் ஏறத்தாழ அங்கேதான் நிற்கிறது. அவர்கள் முதலில் தேர்ந்தது பொன்முடி: இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகள், மேலே மூடுபனி, திருவனந்தபுரம் மாவட்டத்துக்குள்ளேயே. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புத் தரவேண்டும். 30 நாள் மறுப்புக்குக் காத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் மணம் நடக்காவிடில் அறிவிப்பு காலாவதியாகும். அலுவலகத்துக்கு வெளியே, ‘நியாயமான தூரத்தில்’ உள்ள இடத்திலும் மணம் செய்விக்கலாம். ஆனால் திருமண அலுவலரும் மூன்று சாட்சிகளும் அங்கே இருந்தாக வேண்டும். விருந்தினர் எண்ணிக்கை அப்போதே நான்காகிவிட்டது. அதோடு, அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். அவ்வறிவிப்புகளை இணையத்தில் ஏற்றும் வழக்கத்தை, அவை பகைப் பிரசாரத்துக்குப் பயன்பட்டதால், 2020-இல் கேரளப் பதிவுத்துறை நிறுத்தியது. பலகை இருக்கிறது. அந்தப் பலகையைக் கடந்து நாள்தோறும் போகும் உறவினர் ஒருவர் அவளுக்கு இருந்தார்.

இச்சட்டத்தில் மொழியியலார் நின்று பார்க்கவேண்டிய ஓர் இடம் உண்டு. இன்னாரை என் சட்டபூர்வமான துணையாக ஏற்கிறேன் என்று இருவரும் ஒருவரிடம் ஒருவர், தாம் அறிந்த எந்த மொழியிலும் சொல்லலாம்; சொல்லாமல் மணம் நிறைவு பெறாது. ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், சொல்வதே செயலாகும் கூற்றுகளுக்குத் தந்த முதல் எடுத்துக்காட்டுகளில் ஒன்று மணமேடைச் சொல். அத்தகைய கூற்று பலிப்பதற்குச் சூழல் பொருந்த வேண்டும் என்பது அவர் கருத்து. சூழல் என்பது இங்கே பெரிதும் பிறர்தான். கேட்பாரின்றி மலையுச்சியில் சொன்னால் அது காதல்மொழி. அதன் அழகில் குறையில்லை, மணம் மட்டும் ஆகாது. வெறும் சான்றிதழும் அப்படியே: உரிய சடங்கு நிகழாத இந்துத் திருமணத்தைப் பதிவு மட்டும் திருமணமாக்காது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

நோட்டின் பதினோராம் பக்கத்தில் பொன்முடி அடிக்கப்பட்டு ‘வேளிமலை’ என்று எழுதப்பட்டது. அதற்குக் காரணம் களியக்காவிளை. அந்த எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே இந்து திருமணச் சட்டத்தில் 1967-இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு உண்டு. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இரு இந்துக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குத் தெரிந்த மொழியில் சொன்னாலும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் மணம் முடிந்தது. புரோகிதரும் வேண்டா, கொடுப்பவரும் வேண்டா. 90 நாள்களுக்குள் பதிவு செய்தால் போதும். யாரும் அறியாமல் வழக்கறிஞர் அலுவலகத்தில் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. 2023 ஆகஸ்ட் 28-இல் இளவரசன் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டை நீக்கியது. குடும்பத்தின் எதிர்ப்பையோ உயிருக்கான அச்சத்தையோ எண்ணி மணமக்கள் ஊரறியச் செய்யாமல் இருக்கலாம்; அவர்களை ஊரறியச் செய்யச் சொல்வது அவர்கள் உயிரையே ஆபத்தில் தள்ளலாம் என்பது தீர்ப்பின் சாரம். அது வெற்று ஐயமன்று. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்; அவருடைய திருமணத்துக்கு எட்டு மாதமே ஆகியிருந்தது. ட்ரோனும் பூவளைவும் கொண்ட ‘எலோப்மென்ட்’ எத்தகையோருக்குக் கிட்டும் என்பதை இந்தத் தொலைவு காட்டிவிடும்.

சட்டத்துக்கு முன்பே வேளிமலைக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. தக்கலையை அடுத்த குமாரகோவிலில், முருகன் வள்ளியை மணந்தது இம்மலையில்தான் என்பது நம்பிக்கை. பங்குனித் திருக்கல்யாணத்தன்று ‘குறவர் படுகளம்’ நிகழ்த்தப்படுகிறது. மகளைக் கொண்டுபோகிறவனைக் குறவர்கள் வழிமறித்துப் பொருதித் தோற்கிறார்கள்; அதன்பிறகே கல்யாணம். தேனும் தினைமாவும் பிரசாதம். உறவினரின் சினம் மறைக்கப்படவில்லை. விழாவுக்குள்ளேயே அதற்கு ஒரு நாழிகை ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு இதே வேளிமலைக் குமாரசுவாமி, பத்மநாபபுரத்துச் சரஸ்வதியோடும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையோடும் களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் வந்து ஆரியசாலையில் தங்குகிறார். ஸ்ரீவராகத்திலிருந்து அது நடந்துபோகும் தொலைவு. அவளைச் சிறுமியாகத் தோளில் ஏற்றி அந்த ஊர்வலத்தைக் காட்டியவர் அவள் தந்தை. அவர் இப்போது இல்லை. கொடுப்பவர் என்ற சொல்லை அவள் நோட்டில் எங்கும் எழுதாததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

இடம் கோயிலன்று, மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்தில் மணமகனின் நண்பன் வீட்டு முற்றம். குமரி மாவட்டத்தில் இரு பருவமழையும் பெய்வதால் நாள் தை மாதத்தில் குறிக்கப்பட்டது. சாட்சிக்கு நண்பன் ஒருவன் உறுதி. ‘பிறர்’ என்ற சொல்லுக்கு நேரே கேள்விக்குறி இருந்தது.

அந்த நோட்டு சாப்பாட்டு மேசையில் கிடந்த ஒரு மாலை, அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் தொடக்கத்திலிருந்து படித்தாள். பூவளைவைப் பற்றியோ, மணமகனின் ஊரைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. சட்டப்பிரிவு எழுதியிருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

“இதில உறவினர்னு போட்டிருக்கே. நான் அதுல சேருவேனா?”

மகள் பதில் சொல்லவில்லை. முதற் பக்கத்தைத் திருப்பி, சுழியத்தை அடித்து 2 என்று எழுதினாள். தக்கலைக்கு வண்டி காலை ஐந்தரைக்குப் புறப்படும் என்பதையும், வழியில் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைக்கு முன்னதாகச் சிற்றுண்டிக்கு நிறுத்த வேண்டும் என்பதையும் அதன்கீழ் சேர்த்தாள்.