அப்பாவின் முதுகும் நியூட்டனும்

"விசை என்றால் என்ன?" என்று கேட்டால், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மூச்சு விடாமல் சொல்வார்கள்: "தள்ளுதல் அல்லது இழுத்தல்." தேர்வுத்தாளில் அதற்கு முழுப் புள்ளி கிடைக்கும். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அதே விசை மலாயில் 'டாயா' ஆகிவிடும். இருமொழித் திட்டம் நடக்கும் பள்ளி என்றால் 'ஃபோர்ஸ்'. மூன்று பெயரும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால், அன்று காலை தாங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்ததற்கும் அந்தப் பெயர்களுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று மட்டும் தோன்றாது.

எங்கள் அடுக்குமாடியின் பொது மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். கணக்குக்கும் மலாய்க்கும் வேறு ஆட்கள் உண்டு. அறிவியல் என் பங்கு. விசைப் பாடம் வந்த அன்று, புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு முன் வரிசையில் இருந்த பையனைக் கேட்டேன்.

"நீ எப்படி வந்த?"

"அப்பா மோட்டார்லக்கா."

"அப்பா திடீர்னு பிரேக் போட்டா என்ன ஆகும்?"

"மோட்டார் நிக்கும்."

"நீ?"

கொஞ்சம் யோசித்தான். "நான் முன்னால போயி அப்பா முதுகுல மோதுவேன்."

"அப்ப உன்னை நிறுத்தினது யாரு? பிரேக்கா?"

"இல்லக்கா. அப்பா முதுகு."

வகுப்பே சிரித்தது. ஆனால் இதைவிடச் சரியான பதில் எந்தப் பயிற்சி நூலிலும் இல்லை. பிரேக் பிடிப்பது சக்கரத்தை. மோட்டாரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. பின்னால் உட்கார்ந்திருக்கும் பையனை எதுவும் பிடித்து நிறுத்தவில்லை. அதனால் அவன் உடம்பு பழைய வேகத்திலேயே முன்னால் போகிறது. ஓடும் பொருள், வேறொரு விசை குறுக்கிடாத வரை அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் என்று நியூட்டன் 1687-இல் எழுதி வைத்தார். நிலைமம் என்று தமிழிலும் 'இனர்சியா' என்று மலாயிலும் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது இதைத்தான்.

நமக்கு விசை என்றதும் கிளப்புவதுதான் நினைவுக்கு வரும். ஊர் கூடி வடம் பிடித்தால்தான் தேர் நகரும், சரி. ஆனால் நகர்ந்த தேரை நிறுத்துவது யார்? திருவிழாவில் சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு குனிந்தபடியே வரும் ஆட்களைப் பாருங்கள். கட்டையை எப்போது, எந்தச் சாய்வில் கொடுப்பது என்பது அவர்கள் கைப்பழக்கம். வேலையைக் கெடுப்பவரை 'முட்டுக்கட்டை' என்று திட்டுகிறோம். தேரடியில் நிற்பவருக்குத்தான் அந்தச் சொல்லின் மரியாதை தெரியும்.

அடுத்த வாரம் முட்டை. இது பழைய விளையாட்டுதான், பல ஆசிரியர்கள் செய்வது. மண்டபத்துக்குப் பின்னால், இரண்டு பேர் ஒரு கைலியை நான்கு முனையும் பிடித்து, கீழ்ப்பகுதி சற்றுத் தொய்வாக இருக்கும்படி நிற்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் பலம் முழுவதையும் திரட்டி முட்டையைக் கைலிமேல் எறிகிறார்கள். உடையவில்லை. அதே முட்டையைச் சுவரில் எறிந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. (ஒரு முறை எறிந்து காட்டினோம். கழுவியதும் நாங்கள்தான்.) இரண்டு இடத்திலும் முட்டையின் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டு இடத்திலும் கடைசியில் நின்றுதான் போகிறது. கைலி அதற்கு நிற்க நேரம் கொடுக்கிறது, சுவர் கொடுப்பதில்லை. நிற்க எடுக்கும் நேரம் பத்து மடங்கு கூடினால் விசை பத்தில் ஒன்றாகக் குறையும்.

இது புரிந்த பிறகு ஹெல்மட்டைக் கையில் கொடுத்தால் போதும், பிள்ளைகளே பாடம் நடத்துவார்கள். உள்ளே இருக்கும் வெள்ளை நுரைதான் கைலி. அடிபடும்போது அது நசுங்கி, தலை நிற்பதற்கு நேரம் வாங்கித் தருகிறது. ஒரு முறை பலமாக அடி வாங்கிய ஹெல்மட், வெளியே பளபளப்பாக இருந்தாலும் அவ்வளவுதான். தாடைக்குக் கீழே வாரைப் போடாவிட்டால் என்ன ஆகும்? "ஹெல்மட் அதோட வழியில போயிரும், தலை தனியா போகும்" என்றாள் படிவம் இரண்டு படிக்கும் ஒரு மாணவி. அவளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும்.

காலை நிகழ்ச்சியில் சாலை நிலவரம் சொல்வது என் வேலை. 'விபத்து காரணமாக இடது தடத்தில் நெரிசல்' என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். நாட்டில் ஓராண்டில் சாலையில் உயிரிழப்போர் 6,000 பேருக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இந்த எண்ணை வானொலியில் எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாது. அதனால் வகுப்பில் வேறு எண்ணைப் பயன்படுத்தினேன்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அந்த வேகம் வரும் என்று கணக்குப் போட்டோம். சுமார் 10 மீட்டர், அதாவது மூன்று மாடி. எல்லாரையும் மூன்றாம் மாடி நடைபாதைக்கு அழைத்துப் போய், கம்பி வழியாகக் கீழே பார்க்கச் சொன்னேன். கீழே கார்கள் நின்றிருந்தன. "இதான் ஐம்பது" என்றேன். யாரும் பேசவில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு ஆறு மாடி என்று ஒருவன் சொன்னான். வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகும், பதின்மூன்று மாடி. கீழே இறங்கி நின்று, விரலால் மாடிகளை எண்ணிப் பார்த்தார்கள்.

அந்தப் படிவம் இரண்டு மாணவி வீட்டில் ஒரு தம்பிப் பாப்பா உண்டு. காரில் எப்போதும் அம்மா மடியில்தான். கிளினிக் புத்தகத்தில் எடை 8 கிலோ என்று பார்த்து, அவளாகவே கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். 50-இல் போகும் கார் எதிலாவது மோதி, பத்தில் ஒரு விநாடியில் நிற்கிறது. பாப்பாவைப் பிடித்து நிறுத்த வேண்டிய விசை 1,100 நியூட்டனுக்கு மேல். எடையாகச் சொன்னால் 113 கிலோ; பத்துக் கிலோ அரிசி மூட்டை பதினொன்று.

"அக்கா, அம்மாவால தூக்க முடியுமா?"

முடியாது. எந்த அம்மாவாலும் முடியாது. பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வீட்டில் போய் இதையே சொல்லியிருக்கிறாள். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயில நல்ல வார்த்தையே வராதா? கிளம்புற நேரத்துல என்ன பேச்சு இது?" நம் வீடுகள் பலவற்றில் இதுதான் நிலைமை. விபத்தைப் பற்றிப் பேசினால் விபத்தை அழைப்பது போல. அதிலும் வயதில் சிறியவர்கள் பேசவே கூடாது. பின் இருக்கையில் பெல்ட் போடுவது 2009 ஜனவரி 1 முதலும், குழந்தைகளுக்குத் தனி இருக்கை 2020 ஜனவரி 1 முதலும் சட்டம். ஆனாலும் "இங்க இருக்கிற பாசார் மாலாம்தானே" என்ற ஒரு சொல் போதும், பெல்ட் இருக்கையின் இடுக்கிலேயே கிடக்கும். பதினான்கு வயதுப் பெண் பெரியவர்களுக்குப் புத்தி சொல்ல முடியாது. ஆனால் வீட்டுப்பாடத்தைக் காட்டலாம். அவளும் அதைத்தான் செய்தாள்: நோட்டை அப்பாவிடம் நீட்டி, "இந்தக் கணக்கு சரியாப்பா?" என்று மட்டும் கேட்டாளாம். அப்பா கைப்பேசியை எடுத்து இரண்டு முறை தட்டிப் பார்த்தாராம். சரியாகத்தான் இருந்தது.

இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய பெல்ட்டை 1959-இல் வோல்வோவுக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன் விமானிகளைத் தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். உடம்பில் எந்த எலும்பு எவ்வளவு தாங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வயிற்றில் விழ வேண்டிய விசையை இடுப்பெலும்புக்கும் மார்புக்கூட்டுக்கும் பிரித்துக் கொடுத்தார். பின்னால் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பவர், கார் மோதும்போது முன்னால் இருப்பவர் முதுகில்தான் போய் விழுவார். மோட்டாரில் வந்த பையன் சொன்னதுதான். வேகம் மட்டும் வேறு.

இரண்டு வாரம் கழித்து அந்த மாணவியின் அம்மா மண்டப வாசலில் நின்றிருந்தார். "டீச்சர், பழைய சீட்டு பரவாயில்லையா? நாத்தனார் வீட்டுல ஒண்ணு சும்மா கெடக்கு." விபத்தில் அடிபட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒட்டியிருக்கும் சீட்டில் ஆர்44 அல்லது ஆர்129 என்று இருக்கிறதா பாருங்கள், காலாவதித் தேதி இருந்தால் அதையும் பாருங்கள் என்றேன். தலையாட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மகள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "பாட்டி பின்னால பெல்ட் போட மாட்டேங்குறாங்கக்கா. அவங்களுக்கும் கணக்குப் போடணும். வெயிட்டு எவ்வளவுன்னு கேட்டா, சொல்ல மாட்டேங்குறாங்க."