ஆறு மணிக்கு அடுப்பை அணைக்கணும்

பிறை 3, செவ்வாய்

அஸர் தொழுகை முடிந்ததும் சின்னவன் தூக்குவாளியோடு பள்ளிக்குப் போய்க் கஞ்சி வாங்கி வந்துவிட்டான். பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால், கொஞ்சம் கைமா. காயல்பட்டினத்தில் நோன்பு திறக்க இதுவே தாராளம். ஆனாலும் வடையும் சமோசாவும் இல்லையென்றால் யாருக்கும் மனசு ஆறாது. ஆறேகாலுக்கு எண்ணெய்ச் சட்டி காயும், ஆறரை வாக்கில் பாங்கு. எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு துஆ கேட்கும்போது நான் மட்டும் கரண்டியோடு நிற்பேன். உம்மாவும் இத்தனை வருஷம் அப்படி நின்றவள்தான். நோன்பு திறக்கும் நேரத்துத் துஆவுக்கு இருக்கிற மகிமையை வருஷா வருஷம் பயானில் கேட்கிறோம். சமைக்கிறவளுக்கு அது வேண்டாமா?

இந்த நோன்பில் புதிதாகச் சிலது செய்து பார்க்க ஆசை. ஒரே நிபந்தனை: ஆறு மணிக்கு அடுப்பு அணைந்திருக்க வேண்டும்.

பிறை 8, ஞாயிறு

மொராக்கோவில் நோன்பு திறக்கக் குடிக்கிற ஹரீரா. தக்காளி, கொண்டைக்கடலை, மசூர் பருப்பு, ஆட்டுக்கறி, இஞ்சி, பட்டை, கை நிறைய மல்லித்தழை. செலரியும் போடுவார்கள், அதற்காகத் தூத்துக்குடிக்கு பஸ் ஏற முடியாது, மல்லித்தண்டை நறுக்கிப் போட்டேன். ஸஹருக்கு எழுந்தபோதே கடலையை ஊறப்போட்டிருந்தேன். அதைத் தனியாக வேகவைத்த பிறகுதான் தக்காளியில் சேர்க்க வேண்டும், புளிப்போடு போட்டால் கடலை இளகாது. கடைசியில் மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கை விடாமல் கிண்டினால் கெட்டிப்படுகிறது.

தெரியாத பதார்த்தத்தை நோன்போடு சமைப்பதில் உப்புதான் சோதனை. தேவையென்றால் நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று ஆலிம்கள் சொல்லித்தான் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதைச் செய்வதில்லை. பழகிய கஞ்சிக்கு மூக்கே போதும், கொதிக்கிற வாசனையிலேயே உப்பு குறைவு என்று உம்மா சொல்லிவிடுவாள். ஹரீராவின் வாசனை அவளுக்கும் புதிது. அதனால் அளவு: லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன், அதற்கு மேல் ஒரு கல் கூடக் கிடையாது. சரியாக இருந்தது. ஐந்தரைக்கே இறக்கி மூடிவைத்தும் ஆறரைக்குச் சூடு இருந்தது. "சாம்பாருக்கும் சால்னாவுக்கும் நடுவுல என்னமோ" என்றார் என் மாப்பிள்ளை. ஆனால் மூன்று கோப்பை குடித்தார்.

பிறை 12, வியாழன்

உன்னக்காய். மலபார்க்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அதிகம் கனியாத நேந்திரனை அவித்து, நடுவில் இருக்கும் கறுப்பு நாரை எடுத்துவிட்டு மசித்து, தேங்காய், சீனி, ஏலம், முந்திரி உள்ளே வைத்து இலவங்காய் மாதிரி உருட்டிப் பொரிப்பது. ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பொரித்த சூட்டில் தின்ன வேண்டிய பண்டம் இது. பாங்கு சொன்னபோது நான் எங்கே இருந்தேன் என்று கேட்கவே வேண்டாம். நோன்பு திறக்க இது லாயக்கில்லை; தராவீஹ் முடிந்து வருகிறவர்களுக்குப் பொரித்துக்கொடுக்கலாம்.

அவர்களிடமே தரிக்கஞ்சி என்று இன்னொன்று உண்டு. ரவையைப் பாலில் வேகவைத்து, சீனி, ஏலம் சேர்த்து, நெய்யில் பொன்னிறமாக வதக்கிய சின்ன வெங்காயத்தை மேலே கொட்டுவது. இனிப்புக்குள் வெங்காயமா என்று வீடே முகம் சுளித்தது. குடித்துப் பார்த்ததும் ஒருவரும் பேசவில்லை. நாளெல்லாம் காய்ந்துகிடந்த தொண்டைக்கு இதைவிட இதமாக எது இறங்கும்? ஆறினால் இறுகும், ஃபிளாஸ்கில் சூடான பால் வைத்திருந்து இளக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பிறை 15, ஞாயிறு

என் அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, கோலாலம்பூரில் பிழைக்கப் போன சபுராளி. கம்போங் பாரு பள்ளிவாசலில் அஸருக்குப் பிறகு வரிசையில் நின்று வாங்குகிற புபூர் லம்புக் பற்றி போனில் சொல்லிச் சொல்லியே ஆசை காட்டியிருந்தார். அரிசி, மாட்டிறைச்சி, காய்ந்த இறால், தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், அன்னாசிப்பூ. மேலே பொரித்த வெங்காயம். காய்ந்த இறாலுக்குச் சென்னாக்கூனியை வறுத்துப் பொடித்துப் போட்டேன். உம்மா ஒரு வாய் குடித்தாள். "இது நம்ம கஞ்சிதாம்மா, கடலுக்குப் போய்ட்டு வந்திருக்கு." அதற்கு மேல் நான் என்ன விமர்சனம் எழுத?

நொய்யும் தேங்காய்ப்பாலும் இங்கேயும் அங்கேயும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எப்போதோ இறக்கி வைத்துவிட்டு, யார் எத்தனை பேர் வந்தாலும் அகப்பையால் ஊற்றிக்கொடுக்கலாம். ஒரு ஊருக்கே காய்ச்சுகிற பள்ளிவாசல் சமையல்காரருக்கு இந்தக் கணக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. வீட்டில்தான் நாம் எண்ணெய்ச் சட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

பிறை 18, புதன்

கடற்பாசி புதிதல்ல, ஆனால் என் நிபந்தனைக்கு அதைப்போல் அடங்கும் பண்டம் வேறில்லை. காலையிலேயே காய்ச்சித் தட்டில் ஊற்றினால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறைந்துவிடும், வெயிலிலும் இளகாது. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் முங்கி எடுக்கிற பாசியிலிருந்தும் இதைக் காய்ச்சி எடுக்கிறார்கள். கடையில் பொட்டலத்துக்கு மேல் சைனா கிராஸ் என்று போட்டிருப்பதில் எனக்கு ஒரு சின்னக் கோபம் உண்டு.

இன்று பாலுக்குப் பதில் இளநீர், நன்னாரி, எலுமிச்சை. எலுமிச்சையை அடுப்பில் இருக்கும்போது பிழியக் கூடாது, புளிப்போடு கொதித்தால் பாசி இறுகாது. இறக்கிக் கொஞ்சம் சூடு தணிந்த பிறகு பிழிந்தேன். பிள்ளைகள் தட்டை வழித்துவிட்டார்கள்.

பிறை 21, சனி

கடைசிப் பத்து வந்துவிட்டது, இரவுத் தொழுகை கூடுகிறது. இனிப் புதிது எதுவும் இல்லை. பள்ளிக் கஞ்சி, ஒருநாள் விட்டு ஒருநாள் தரிக்கஞ்சி, கடற்பாசி. ஹரீரா வாரம் ஒருமுறை, மாப்பிள்ளை கேட்டால்.

வடை? உம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "கடையில வாங்கிட்டு வரச் சொல்லு. நானும் அந்த நேரத்துல உட்கார்ந்து கேக்குறதுக்கு நிறைய வச்சிருக்கேன்."