கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் ஒரே வாட்ச்!

மணி பார்க்க செல்போன் போதும் என்றாகிப் பல வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும், முதல் சம்பளத்தில் என்ன வாங்கலாம் என்று யோசிக்கும் பிள்ளைகளின் பட்டியலில் வாட்சுக்கு இன்னும் இடம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு வைக்கும் சீர்த் தட்டில் இருக்கிறது. பணி ஓய்வு பெறுபவருக்குச் சக ஊழியர்கள் தரும் பரிசிலும் இருக்கிறது.

ஆபீஸுக்கு ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று, வாக்கிங் போக ஒன்று என்று மூன்று வாட்ச் வாங்க எல்லோராலும் முடியாது. 'ஒண்ணுதான் வாங்குவேன், அது எல்லா இடத்துக்கும் வரணும்' என்று நினைப்பவரா நீங்கள்? மதுரையைச் சேர்ந்த 24 வயது மெடிக்கல் ரெப் ஒருவர் வாட்ச் வாங்கிய கதை உங்களுக்கு உதவலாம்.

ஆறாயிரம் ரூபாயும் ஆளுக்கொரு யோசனையும்

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். வீட்டு வாடகை, தங்கையின் கல்லூரிக் கட்டணம், பைக் தவணை எல்லாம் போக அவர் சேர்த்து வைத்திருந்தது 6,000 ரூபாய். வாட்ச் வாங்கும் எண்ணமே ஒரு சீனியர் கண்டித்த பிறகுதான் வந்தது. "டாக்டர் பேசிட்டு இருக்கும்போது நீ போனை எடுத்தா, மணி பார்க்குறேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார் அந்த சீனியர்.

வாட்ச் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அம்மாவுக்குத் தங்க நிறத்தில் வேண்டும். "நாளைக்குத் தங்கச்சியப் பொண்ணு பார்க்க வருவாங்க. அண்ணன் கையில பளிச்சுன்னு ஒண்ணு இருக்க வேணாமா?" என்பது அவர் கவலை. தங்கைக்கோ ஸ்மார்ட்வாட்ச் தவிர வேறெதுவும் வாட்ச்சே இல்லை. நண்பன், பெரிய டயலுக்குள் மூன்று குட்டி டயல்கள் இருக்கும் மாடலைப் படம் பிடித்து அனுப்பினான்.

கடைசியாக அப்பாவிடம் கேட்டார். அப்பா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். டிரிப் ஷீட்டில் நேரம் எழுதிய காலம் முழுக்க அவர் கையில் இருந்தது ஒரே ஒரு ஹெச்.எம்.டி. காலையில் எழுந்ததும் அதற்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

"கல்யாண வீட்டுல எவனும் உன் கையப் பார்க்கப் போறதில்லடா. பொண்ணு மாப்பிள்ளையப் பார்ப்பான், இல்லன்னா பந்தியப் பார்ப்பான். துக்க வீட்டுலதான் எல்லாரும் தலையக் குனிஞ்சு உட்கார்ந்திருப்பாங்க. அப்பக் கண்ணுல படுறது பக்கத்துல இருக்கவன் கைதான். அங்க கட்டிட்டுப் போறமாதிரி ஒண்ணு வாங்கு. அது எங்கேயும் போகும்" என்றார்.

வாட்ச் பற்றி இதைவிடச் சுருக்கமாக யோசனை சொல்லிவிட முடியாது. எளிமையான வாட்சைக் கட்டிக்கொண்டு முகூர்த்தத்துக்குப் போனால் யாரும் குறை சொல்வதில்லை. கல் பதித்த மஞ்சள் வாட்சோடு சாவு வீட்டுக்குப் போனால், கட்டியிருப்பவருக்கே கையை எங்கே வைப்பது என்று தெரியாது. அடக்கமான வாட்ச் இரண்டு இடத்துக்கும் போகும். ஆடம்பரமான வாட்ச் ஒரு இடத்துக்குத்தான் போகும்.

ஒரே வாட்சில் ஓடிய காலம்

அப்பாவின் தலைமுறைக்கு இந்தக் குழப்பமே இல்லை. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கைகோத்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது பொதுத்துறை நிறுவனமான ஹெச்.எம்.டி. சாவி கொடுத்து ஓட்டும் 'ஜனதா' போன்ற மாடல்கள் வீட்டுக்கு வீடு போயின. பிறகு, டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் தொழிற்சாலை வந்தது. சாவி கொடுக்கத் தேவையில்லாத குவார்ட்ஸ் வாட்ச் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கும் வந்தது. ஹெச்.எம்.டி-யின் வாட்ச் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

அந்த நாள்களில் கல்யாணத்துக்குக் கட்டிய வாட்சையே மறுநாள் வேலைக்கும் கட்டிக்கொண்டு போனார்கள். வேறு வாட்ச் கிடையாது. அன்று அது கட்டாயம். இன்று அதையே நாம் விரும்பித் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் கணக்கும் தேவைப்படுகிறது.

முதலில் மாதத்தை எண்ணுங்கள்

அந்த இளைஞர் கடைக்குப் போவதற்கு முன், தன் கை ஒரு மாதத்தில் எங்கெல்லாம் போகிறது என்று போனில் எழுதிப் பார்த்தார். 25 நாள்கள் வேலை. அதில் பாதி நேரம் வெயிலில் பைக். சில நாள்கள் மழை. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ விசேஷம். வாங்க வேண்டியது அந்த 25 நாள்களுக்கான வாட்ச். அது விசேஷத்தில் உறுத்தாமல் இருந்தால் போதும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இரண்டு நாள் விசேஷத்துக்குப் பார்த்து வாங்கிவிட்டு, மற்ற நாள்களில் பீரோவுக்குள் பூட்டி வைக்கிறார்கள்.

அளவு: மணிக்கட்டின் சுற்றளவு ஆறரை முதல் ஏழு அங்குலம் என்றால், 36 முதல் 40 மி.மீ டயல் பொருத்தமாக இருக்கும். ஸ்ட்ராப் மாட்டும் மேல், கீழ் முனைகள் மணிக்கட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தடிமனும் முக்கியம். முழுக்கைச் சட்டையின் பட்டன் போட்ட பிறகும் வாட்ச் உள்ளே போய் வர வேண்டும். பெண்கள், வழக்கமாக அணியும் வளையலோடு சேர்த்துக் கட்டிப் பார்த்து வாங்குவது நல்லது. இரண்டும் உரசினால் கீறல் விழுவது வாட்சில்தான்.

நிறம்: ஸ்டீல் நிறம் எதோடும் சேரும். வேட்டி, புடவை, ஜீன்ஸ், யூனிஃபார்ம் எதுவானாலும் பிரச்னை இல்லை. விலை குறைந்த வாட்சில் மஞ்சள் நிறம் என்பது மேலே பூசிய மெல்லிய முலாம்தான். தினமும் வியர்வையும் உரசலும் பட்டால் ஓரங்களில் முதலில் மங்கும். டயல் வெள்ளை, கறுப்பு, அடர்நீலம் இவற்றில் ஒன்றாக இருந்தால் அலுக்காது. வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கும்போது வெள்ளை டயல், கறுப்பு முள், பெரிய எண்கள் என்று பாருங்கள். கண்ணாடி தேடாமல் மணி தெரியும்.

தண்ணீர்: இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பின்மூடியில் 3 பார் அல்லது 30 மீட்டர் என்று இருந்தால், 30 மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று அர்த்தம் கிடையாது. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரையும் தூறலையும் தாங்கும், அவ்வளவுதான். 10 பார் அல்லது 100 மீட்டர் என்று இருந்தால் நீச்சலுக்கும் பயமில்லை. ஒரே வாட்ச் என்றால் 10 பார் வாங்குவதே நிம்மதி. அதிலும் வெந்நீர்க் குளியலைத் தவிர்க்கலாம். தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும் ரப்பர் வளையம் சூட்டில் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒவ்வொரு முறை செல் மாற்றும்போதும் அந்த வளையம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்ட்ராப்: நம் ஊர் வியர்வைக்கு லெதர் ஸ்ட்ராப் தினசரி உபயோகத்துக்குச் சரிவராது. வாடை வரும், வெடிக்கும். ஸ்டீல் செயின் வைத்து வாங்கிவிட்டு, விசேஷத்துக்கு மட்டும் லெதர் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஸ்ட்ராப் மாட்டும் இடத்தின் அகலம் 18, 20, 22 மி.மீ என்று வழக்கமான அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் எந்தக் கடையிலும் மாற்று ஸ்ட்ராப் கிடைக்கும். சில நூறு ரூபாயில் பழைய வாட்ச் புது முகம் காட்டும். செயினைக் கைக்கு ஏற்றபடி சின்னதாக்கும்போது கழற்றும் கண்ணிகளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உடம்பு போட்டால் தேவைப்படும்.

செல்லா, சாவியா, சார்ஜரா? குவார்ட்ஸ் வாட்சுக்குள் இருக்கும் படிகம் ஒரு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதனால் சாதாரண குவார்ட்ஸ்கூட மாதத்துக்குச் சில நொடிகள்தான் முன்பின்னாகும். கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்சில் ஒரு நாளிலேயே சில நொடிகள் மாறுவது சகஜம். சில வருடங்களுக்கு ஒரு முறை சர்வீஸும் வேண்டும். அதன் அழகு தனி. ஆனால் கையில் இருப்பது ஒன்றுதான், பட்ஜெட்டும் சின்னது என்றால் குவார்ட்ஸ்தான் சிக்கனம். செல் மாற்றும் செலவோடு முடிந்துவிடும்.

நடையையும் இதயத் துடிப்பையும் கணக்கு வைக்க விரும்புபவர்களுக்கு ஸ்மார்ட்வாட்ச் உபயோகமானதுதான். ஆனால் அதைச் சார்ஜ் போட வேண்டும். சில வருடங்களில் பேட்டரி சோர்ந்துவிடும், சாஃப்ட்வேர் பழசாகிவிடும். டாக்டர் முன்னால் போனை எடுக்கக் கூடாது என்பதற்காக வாட்ச் வாங்குபவருக்கு, போனில் வரும் மெசேஜுக்கெல்லாம் கையில் அதிரும் ஒன்று எதற்கு?

சர்வீஸ்: பில், வாரன்ட்டி கார்டு, ஊரிலேயே சர்வீஸ் சென்டர். இந்த மூன்றும் இருந்தால்தான் காசு கொடுங்கள். பெரிய பிராண்டின் பெயர் போட்ட 'ஃபர்ஸ்ட் காப்பி' வாட்ச் நாலு பேருக்குப் பெருமையாகத் தெரியலாம். நின்றுபோனால் தூக்கிக்கொண்டு எந்த சர்வீஸ் சென்டருக்குப் போவீர்கள்?

கடைசியில் என்ன வாங்கினார்?

38 மி.மீ ஸ்டீல் வாட்ச். வெள்ளை டயல், தேதி காட்டும் சின்னக் கட்டம், 10 பார், 20 மி.மீ செயின். மூன்று குட்டி டயல் மாடலைக் கையில் கட்டிவிட்ட விற்பனையாளர், "சார், இதுதான் இப்ப நல்லா மூவ் ஆகுது" என்றார். அந்தக் குட்டி டயல்களை எதற்குப் பயன்படுத்துவோம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டார். பில் போக மீதமிருந்த பணத்தில் ஒரு பிரவுன் லெதர் ஸ்ட்ராப்பும் வாங்கினார். அம்மாவுக்கு முகம் வாடியது. "தாலுகா ஆபீஸ் கிளார்க் மாதிரி இருக்கு" என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் தாய்மாமன் இறந்துபோன செய்தி வந்தது. தேனி ரூட்டில் இருந்தவர், மருந்துப் பையோடு அப்படியே பைக்கில் போய்ச் சேர்ந்தார். நீர்மாலைக்குப் போனார், பாடைக்குத் தோள் கொடுத்தார். எல்லாம் முடிந்து கிணற்றடியில் தலைக்குக் குளிக்கும்போதுதான் கையில் வாட்ச் இருப்பதே அவருக்கு ஞாபகம் வந்தது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த வாட்சை அவரும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. காடாத்து முடிந்து வீடு திரும்பிய பிறகு அம்மா அந்தத் தங்க நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த முகூர்த்த மாதத்தில் நண்பனின் கல்யாணம். பிரவுன் லெதர் ஸ்ட்ராப் மாட்டிய அதே வாட்ச், பட்டு வேட்டி, சட்டை. ஊருக்குத் திரும்பியதும், "வாட்சை யாராச்சும் பார்த்தாங்களாடா?" என்று கேட்டார் அப்பா.

"எங்கப்பா... எல்லாரும் பந்தியத்தான் பார்த்தாங்க."