கரையின் நீளம், காற்றின் போக்கு, வெங்காயத்தின் விலை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரம் எத்தனை கிலோமீற்றர் நீளமானது? பரீட்சையில் இவ்வினா வரின் ஓர் எண்ணை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வோம். எழுதிய எண் சரியா பிழையா என்பதுவே எமது கவலையாக இருக்கும். அப்படியோர் எண் இருத்தல் கூடுமா என்று எவரும் வினவுவதில்லை. கலைப்பீடத்திற் புவியியல் பயிலும் எனக்கு அவ்வையம் எழுந்தது கணித நூலொன்றைக் கற்றதனால் அன்று. இடவிளக்கப் படம் ஒன்றின்மேற் கவராயத்தை வைத்து அளந்ததனாலாகும்.

அளக்கும் முறை எளியது. கவராயத்தின் இரு முனைகளையும் படத்தில் இரண்டு கிலோமீற்றருக்குச் சமமான அளவு விரித்து, கரையோரமாக அடியடியாக நடத்திச் சென்று, அடிகளை எண்ணிப் பெருக்கினால் நீளம் கிடைக்கும். அராலியிலிருந்து கல்லுண்டாய், நாவாந்துறை, பண்ணை வழியாகக் கொழும்புத்துறை வரையுள்ள கடனீரேரிக் கரையை அவ்வாறு அளந்தேன். பின்னர் முனைகளை ஒரு கிலோமீற்றருக்கு ஒடுக்கி அளந்தேன். நீளம் கூடிற்று. முதலிற் கவராயம் தாண்டிச் சென்ற குடைவுகளுள் இப்போது அது இறங்கி ஏறியது. அரைக் கிலோமீற்றருக்கு ஒடுக்கியபோது நீளம் மேலுங் கூடிற்று. படத்தை விட்டுக் கரைக்கே சென்று ஒரு மீற்றர்க் கோலால் அளப்போமாயின் சேற்று மேடுகள் ஒவ்வொன்றையும் சுற்ற வேண்டும். நண்டொன்று அளக்குமாயின் ஒவ்வொரு கல்லையும் சுற்ற வேண்டும். இந்த வளர்ச்சி எங்கே நிற்கும்?

அதே கவராயத்தைக் கொண்டு மணற்காட்டிலிருந்து சுண்டிக்குளம் வரையான கிழக்குக் கரையை அளந்தபோது நிலைமை வேறாயிற்று. அங்கே இருப்பது அலை இழைத்து வைத்த மணற்கரை. அடியை ஒடுக்கினாலும் நீளம் பெரிதாக மாறவில்லை. ஒரே குடாநாட்டின் இரு கரைகள் இரு வேறு இயல்பின.

இவ்வியல்பை எண்களாற் காட்டியவர் லூயிஸ் பிறை றிச்சாட்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர். நாடுகளிடையே போர் மூள்வதற்கும் அவற்றின் பொது எல்லையின் நீளத்துக்கும் தொடர்புண்டா என ஆராயப் புகுந்த அவர், ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் இடையிலான எல்லை ஓரிடத்தில் 987 கிலோமீற்றர் எனவும் பிறிதோரிடத்தில் 1,214 கிலோமீற்றர் எனவும் பதியப்பட்டிருத்தலைக் கண்டார். இருவரும் பொய் சொல்லவில்லை. அளந்த கோல்களே வேறு. 1953 இல் மறைந்த அவருடைய இவ்வாய்வு 1961 இல் வெளியாயிற்று. அதனை அடியாகக் கொண்டு 1967 இல் ‘பிரித்தானியாவின் கரை எவ்வளவு நீளமானது?’ என்ற கட்டுரையை எழுதினார் பெனுவா மண்டல்புறோ.

இது மேலை நாட்டாரின் வீண் ஆராய்ச்சி என்று எண்ணுவோர் அண்டை நாட்டைப் பார்த்தல் வேண்டும். இந்தியாவின் கரையோர நீளம் 7,516.6 கிலோமீற்றர் என்று நெடுங்காலம் பாடநூல்கள் கூறிவந்தன. 1:45,00,000 என்ற சிற்றளவுப் படத்திலிருந்து பெறப்பட்ட அவ்வெண், 1:2,50,000 அளவுப் படங்களைக் கொண்டு மீள அளக்கப்பட்டபோது 11,098.81 கிலோமீற்றர் ஆயிற்று. தமிழ்நாட்டின் கரை மட்டும் 906.9 இலிருந்து 1,068.69 கிலோமீற்றராக வளர்ந்தது. கடல் ஓரடியும் பின்வாங்கவில்லை. கோல் சிறுத்தது, நாடு நீண்டது.

அப்படியாயின் கரையைப் பற்றி உறுதியாகக் கூறத்தக்கது எதுவுமில்லையா? உண்டு என்பதே மண்டல்புறோவின் விடை. கோல் சிறுக்கும்போது நீளம் எந்த விகிதத்திற் பெருகுகின்றது என்பது பெரும்பாலும் மாறாதிருக்கின்றது. அவ்விகிதத்திலிருந்து ஒரு பரிமாண எண்ணைப் பெறலாம். நேர்கோட்டின் பரிமாணம் 1, தளத்தின் பரிமாணம் 2 என்று கற்றிருக்கின்றோம். கரடுமுரடான கரையோ இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கின்றது. தென்னாபிரிக்காவின் ஒப்புரவான கரைக்கு ஏறத்தாழ 1.02, பிரித்தானியாவின் உடைந்த மேற்குக் கரைக்கு ஏறத்தாழ 1.25 என்று கணித்தனர். எங்கள் வடமராட்சி கிழக்கு முதல் வகையைச் சார்ந்தது. கடனீரேரிக் கரை இரண்டாவதன் பக்கம் சாய்வது. இத்தகைய உருவங்களுக்கு 1975 இல் மண்டல்புறோ இட்ட பெயர் பிராக்டல். தமிழிற் பகுவல் எனலாம்.

பகுவலின் இலக்கணம், பகுதி முழுமையை ஒத்திருத்தலாகும். இதனைக் காண ஆய்வுகூடம் செல்ல வேண்டியதில்லை. முருங்கையிலை உருவும் எவரும் காணலாம். முழு இலையின் நடு நரம்பிலிருந்து கிளை நரம்புகள் பிரிகின்றன; ஒரு கிளையை மட்டும் ஒடித்துப் பார்த்தால் அது முழு இலையின் சிறு படிவமாகத் தோன்றும்; அதன் கிளையும் அவ்வாறே. மூன்று படியோடு முருங்கை நின்றுவிடுகின்றது. கணிதம் நிற்பதில்லை என்பதே வேறுபாடு. எங்கள் முற்றத்துக் கோலங்களும் இவ்வுறவுக்குப் புறம்பானவை அல்ல. சிறிய கோலத்தின் ஒவ்வொரு கூறையும் ஒரே விதிப்படி மாற்றீடு செய்து பெரிய கோலத்தைப் பெறும் முறையைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ற் சிறோமணியும் உடன் ஆய்ந்தோரும் 1974 இல் கணிதமொழி இலக்கணமாக வகுத்துக் காட்டினர். மாக்கோலம் இடும் தாய்மார் அறிந்திருந்த விதியையே அவர்கள் எழுத்தில் வடித்தார்கள்.

இதுவரை கூறியது இடத்திலுள்ள கரடுமுரடு. காலத்திலும் அத்தகைய கரடுமுரடு உண்டு. றிச்சாட்சனே இதற்கும் வாயில் திறந்தவர். முதலாம் உலகப் போரில் மருத்துவ வண்டி ஓட்டிய காலத்தில், ஆறு மணி நேரத்துக்கான வானிலை மாற்றத்தைக் கையாற் கணித்துப் பார்த்தார் அவர். விடை பெரிதும் பிழைத்தது. எனினும் 1922 இல் அதனை மறைக்காது நூலாக வெளியிட்டார். விரைந்து கணிக்கும் பொறி வரின் குறை தீருமென்று பின்வந்தோர் நம்பினர். பொறி வந்தது. 1961 இல் அமெரிக்காவில் எட்வேட் லோறன்ஸ் தமது கணனியில் ஓடிய வானிலைக் கணிப்பொன்றை இடையிலிருந்து மீளத் தொடங்கினார். கணனி உள்ளே வைத்திருந்த எண் 0.506127, அச்சிற் கண்டதோ 0.506. பிந்தியதை இட்டார். சிறிது நேரத்தில் புதிய வானிலை பழையதிலிருந்து முற்றாகப் பிரிந்து சென்றது. 1963 இல் அவர் வெளியிட்ட கட்டுரையே ஒழுங்கின்மைக் கோட்பாட்டின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

ஒழுங்கின்மை என்ற பெயர் மயக்கந் தருவது. விதி இல்லை என்பது அதன் பொருளன்று. விதி கண்டிப்பானது, ஆனாற் பயன் கணிப்புக்கு அடங்காதது. ஒரு சாதாரண கணிப்பானிலே இதனைச் செய்து பார்க்கலாம். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை எடுத்து, ஒன்றிலிருந்து அதனைக் கழித்து, எடுத்ததையும் எஞ்சியதையும் பெருக்கி, வந்ததை நான்கினாற் பெருக்குக. விடையை மீண்டும் அதே விதிக்கு உட்படுத்துக. 0.3 என்று தொடங்கினால் மூன்றாம் படியில் 0.994 வரும், 0.301 என்று தொடங்கினால் 0.996 வரும். பத்தாம் படியிலோ முன்னையது 0.043, பின்னையது 0.620. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு பத்தே படிகளில் இரு வேறு உலகங்களாயிற்று. விலங்கினத் தொகையின் ஏற்றத் தாழ்வை விளக்க இச்சமன்பாட்டை எடுத்து, எளிய விதியிலிருந்து எத்துணைச் சிக்கல் பிறக்கும் என்பதை 1976 இல் உலகறியச் செய்தவர் றொபேட் மே.

இக்கணக்கு எனக்கு வெறுங் கணக்காகத் தோன்றவில்லை. என் தந்தையார் செம்மண் தோட்டத்தில் வெங்காயம் பயிரிடுபவர். சென்ற போகத்தில் வெங்காயம் விலைபோயிற்று என்று கண்டால் ஊரே இந்தப் போகத்தில் வெங்காயம் நடும். நட்டவர் பலரானபடியால் விலை விழும். விழுந்தபடியால் அடுத்த போகத்திற் சிலரே நடுவர். விடையே மீண்டும் வினாவாகும் இவ்வோட்டம் றொபேட் மேயின் சமன்பாட்டுக்கு உறவுடையது. வெளியிலிருந்து வரும் அதிர்ச்சிகள் இதற்கு மேலதிகம். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் வெங்காயமும் மிளகாயும் குடாநாட்டுத் தோட்டக்காரரை நிமிர்த்தி வைத்தன. 1977 இல் வந்த திறந்த பொருளாதாரத்தின் பின் அவ்விலைகள் சரிந்த கதையை எங்கள் வீட்டு முதியோர் இன்றும் கூறுவர்.

விலைகளின் இயல்பை ஆராய்ந்தவரும் மண்டல்புறோவே. பருத்தி விலையின் ஏற்றத் தாழ்வுகளை 1963 இல் அவர் ஆராய்ந்தபோது, பொருளியலார் நம்பியிருந்த மணி வடிவ வளையி அங்கே பொருந்தவில்லை. மனிதரின் உயரம் அவ்வளையிக்கு அடங்கும். சராசரியைப்போல் நான்கு மடங்கு உயரமான மனிதர் இல்லை. விலைகளோ அடங்குவதில்லை. நாளாந்த மாற்றங்களின் வரைபடமும் மாதாந்த மாற்றங்களின் வரைபடமும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. பெருந் தாவல்கள் எதிர்பார்த்ததிலும் பன்மடங்கு கூடுதலாக வந்தன. 1987 ஒக்ரோபர் 19 ஆம் நாள் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டோ ஜோன்ஸ் சுட்டெண் ஒரே நாளில் 22.6 சதவீதம் வீழ்ந்தது. மணி வளையியின்படி அது ஊழி தோறும் காத்திருந்தாலும் காணக்கிடையாத நிகழ்ச்சி. அவ்வளவு தொலைவு செல்வானேன்? 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபாவை அண்மித்தது. பல்லாண்டுச் சேமிப்பின் பெறுமதி சில கிழமைகளிற் கரைந்தது.

மழையும் அவ்வாறே. யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரி மழைவீழ்ச்சி 1,200 மில்லிமீற்றரை அண்டியது என்று எழுதுகிறோம். 2008 நவம்பர் 25 ஆம் நாள், நிசா சூறாவளியின்போது, ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் பெய்தது. ஆண்டின் மூன்றிலொரு பங்கு ஒரு நாளில்! 2020 டிசம்பரில் புரெவி சூறாவளி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறி மன்னார் வளைகுடாவை அடைந்தது. தென் தமிழகத்தைக் கடந்து செல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட அது, வலுவிழந்து, பாம்பனுக்கு அண்மையில் ஒரு நாளுக்கு மேலாக அசையாது நின்றது. குடாநாட்டு வயல்களிலும் தோட்டங்களிலும் வெள்ளம் நின்றது. நடுகைக்கு வைத்திருந்த எங்கள் வீட்டு விதை வெங்காயத்தில் ஒரு பகுதி அழுகிப்போயிற்று. சராசரி மழையினால் எந்தத் தோட்டமும் அழிந்ததில்லை. சராசரி விலையினால் எந்தக் குடும்பமும் கடன்பட்டதில்லை. வாழ்வை நிர்ணயிப்பவை அந்த ஒரு சில நாட்களே. சராசரி மறைப்பதும் அவற்றையே.

இங்கே இரு தவறான முடிவுகளுக்கு இடமுண்டு. ஒன்று, எல்லாம் விதி, கணித்துப் பயனில்லை என்பது. மற்றொன்று, ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகடித்தால் எங்கோ புயல் எழும் என்ற கவர்ச்சியான பேச்சு. 1972 இல் லோறன்ஸ் ஆற்றிய உரையின் தலைப்பில் அப்பூச்சி வந்ததென்பது உண்மை. ஆனால் அது வினாவாக வந்தது. பூச்சி புயலைப் படைக்கின்றது என்று அவர் சொல்லவில்லை. அத்துணைச் சிறியதை நாம் அளக்க இயலாமையால் எமது முன்னறிவுக்கு எல்லையுண்டு என்றே சொன்னார். எல்லையை அறிந்தபின் வானிலை அறிஞர் கைகட்டி இருக்கவில்லை. 1992 முதல் ஐரோப்பிய, அமெரிக்க வானிலை நிலையங்கள் சிறிது சிறிது வேறுபட்ட தொடக்கங்களிலிருந்து பல கணிப்புகளை ஒருங்கே ஓடவிடுகின்றன. அவை ஒன்றுபட்டுச் சென்றால் நம்பிக்கை கூடும்; சிதறிச் சென்றால் எச்சரிக்கை கூடும். தாம் அறியாததன் அளவையும் அறிவிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

என் தந்தையார் தோட்டத்தை ஒருபோதும் ஒரே பயிருக்கு ஒப்படைப்பதில்லை. ஒரு பகுதி வெங்காயம், ஒரு பகுதி மிளகாய், வரம்போரம் மரவள்ளி, வேலியில் முருங்கை. விலை உச்சத்தில் நின்ற ஆண்டிலும் முழுவதையும் வெங்காயமாக்கவில்லை. அதனைத் துணிவின்மை என்று கருதுவோர் உளர். சராசரியை நம்பி வாழ முடியாத நிலத்தில், வரப்போவதை அறியேன் என்பதை அறிந்தவனுடைய கணக்கு அது என்று இப்போது எனக்குப் புலப்படுகின்றது. மண்டல்புறோ பருத்தி விலையிற் கண்டதும் செம்மண் வரம்பிலே பழக்கமாகி நின்றதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

கலைப்பீடத்தார்க்கு இதிலே என்ன உண்டு என்று நண்பர்கள் கேட்கின்றனர். நாம் நாள்தோறும் எண்களைக் கையாளுகின்றோம். வறுமை இத்தனை சதவீதம், மழை இத்தனை மில்லிமீற்றர், கரை இத்தனை கிலோமீற்றர் என்று எழுதுகின்றோம். அவ்வெண்களை அடியாக வைத்தே வடிகால் வெட்டப்படுகின்றது, கடன் வழங்கப்படுகின்றது, கரையோரக் குடியிருப்புத் திட்டமிடப்படுகின்றது. ஆதலின் ஓர் எண்ணைக் காணும்போது, இது எந்தக் கோலால் அளந்தது, இதனுள் எந்த நாள் மறைந்து கிடக்கின்றது என்ற இரு வினாக்களையும் உடன் கேட்க வேண்டிய கடப்பாடு எமக்குண்டு. விடை தெரியாதவிடத்துத் தெரியாதென்று எழுதுவதும் ஆய்வின் பகுதியே. ஆண்டுச் சராசரியை மட்டும் நம்பி வெட்டப்படும் வடிகால், அடுத்த நிசா வரும் நாளில் யாருடைய முற்றத்திலே நிரம்பும் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.